கோடையில் வீட்டுப் பூச்செடிகள்: தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாசி பாதி தாண்டியதும் வரத் தொடங்கும் கேள்விகள் இவை. பெரும்பாலானவை தண்ணீரைப் பற்றியவை. ஆனால் நம் பக்கத்துக் கோடையில் ஒரு செடி பிழைப்பதும் கருகுவதும் முதலில் அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது, தண்ணீர் அதற்கு அடுத்ததுதான் என்பது என் கருத்து. கீழே உள்ள பதில்களில் அந்தச் சாய்வு தெரியும். ஒப்புக்கொள்ளாதவர்கள் தங்கள் வீட்டுத் தோட்டத்தையே ஒரு கோடை முழுக்கக் கவனித்துப் பார்க்கலாம்.

எப்போதிலிருந்து கவனிக்கத் தொடங்க வேண்டும்? கத்திரி வெயில் வரட்டும் என்று இருக்கலாமா?

கத்திரி வெயில் மே 4 வாக்கில்தான் தொடங்குகிறது. அதுவரை காத்திருந்தால் பாதிக் கதை முடிந்திருக்கும். செடிகளைப் பொறுத்தவரை நம் மாவட்டங்களில் கடினமான காலம் பங்குனியும் சித்திரையின் முதல் பாதியும்தான். அப்போது மழை கிடையாது, காற்றில் ஈரம் கிடையாது, மண்ணுக்குள் இருந்த வடகிழக்குப் பருவமழை ஈரமும் தீர்ந்திருக்கும். வைகாசியில் வெயில் சுட்டாலும் இடையிடையே இடி மழை வந்து ஆற்றிவிடும். அதனால் பிப்ரவரி கடைசியிலேயே ஒரு முறை எல்லாச் செடிகளையும் பார்த்துக் குறித்துவைத்துவிடுவது நல்லது. நன்றாக இருந்தபோது எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் பிறகு கெட்டது தெரியும்.

தருமபுரிக்குச் சொல்வது ஓசூருக்கும் பொருந்துமா?

முழுக்கப் பொருந்தாது. தருமபுரி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 450 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஓசூர் 900 மீட்டரை ஒட்டி. உயரம் ஏற ஏற வெப்பம் குறைவதால் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பகல் வெப்பம் தருமபுரியைவிட மூன்று டிகிரி போலக் குறைவாக இருக்கும். இரவில் குளிர்ச்சி இன்னும் நன்றாகத் தெரியும். செடிக்கு அந்த இரவுக் குளிர்ச்சிதான் பெரிய வரம். பகலில் இழந்ததை இரவில் மீட்டுக்கொள்ள முடியும். ஓசூரில் ரோஜா சிரிக்கிறது, அதே ரோஜா அரூரில் அழுகிறது என்றால் வளர்ப்பவர் மேல் குற்றமில்லை.

கிருஷ்ணகிரி நகரம், காவேரிப்பட்டணம், பர்கூர் எல்லாம் இந்தக் கணக்கில் தருமபுரியோடு சேரும். கூடவே, வெறும் பாறைக் குன்றுகளை ஒட்டிய வீடுகளில் இரவு வெகுநேரம் வரை பாறை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். அங்கே இருப்பவர்கள் கீழே சொல்லும் நிழல் ஏற்பாடுகளை இரண்டு வாரம் முன்னதாகவே செய்துகொள்ளுங்கள்.

எதையெல்லாம் குறித்துவைக்க வேண்டும்?

குறைவாக எழுதுங்கள், அப்போதுதான் கடைசிவரை எழுதுவீர்கள். பழைய டைரி ஒன்று போதும். இருக்கிற எல்லாச் செடிகளையும் பின்தொடர நினைக்க வேண்டாம். நான்கைந்து செடிகளைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஒன்று வெயிலில் குளிப்பது (குண்டுமல்லி, அரளி மாதிரி), ஒன்று வெயிலுக்கு முகம் சுளிப்பது (ரோஜா), ஒன்று தரையில் நிற்பது, ஒன்று தொட்டியில் நிற்பது என்று கலந்திருக்கட்டும்.

வாரம் இரண்டு முறை, எப்போதும் காலையில் ஒரே நேரத்தில் பாருங்கள். எத்தனை பூ, எத்தனை மொட்டு, உதிர்ந்த மொட்டு இருக்கிறதா, புதுக்கொழுந்து வருகிறதா, இலையின் அடிப்பக்கம் எப்படி இருக்கிறது, அந்த இடத்தில் வெயில் எத்தனை மணிக்கு விழுந்து எத்தனை மணிக்கு விலகுகிறது. இந்தக் கடைசிக் குறிப்பைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. மழை பெய்த நாளையும் தண்ணீர் ஊற்றாமல் விட்ட நாளையும் எழுதுங்கள். வெப்பநிலையைக் கைப்பேசியில் வருவதைப் பார்த்து எழுதலாம், ஆனால் அது நிழலில் அளந்த காற்றின் வெப்பம். உங்கள் மாடித் தளத்தின் சூடு அதைவிட மிக அதிகம்.

மதியம் செடி துவண்டு தொங்குகிறது. உடனே தண்ணீர் ஊற்றலாமா?

முதலில் மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். இரண்டு அங்குல ஆழத்தில் ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். உச்சி வெயிலில் இலை இழக்கும் நீரின் வேகத்துக்கு வேரால் நீரை ஏற்ற முடிவதில்லை. அதனால் செடி இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இலையைத் தொங்கவிட்டு, வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிடும். இந்த நேரத்தில் பயந்துபோய் ஊற்றி ஊற்றி வேரை அழுகவைத்தவர்கள் நிறைய. வேர் அழுகிய செடியும் துவண்டுதான் நிற்கும், அதைப் பார்த்து இன்னும் ஊற்றுவார்கள்!

செடியின் உண்மை நிலையைச் சொல்வது காலை ஆறு மணி. இரவு முழுக்க ஓய்வெடுத்த பிறகும் இலை தொங்கினால் அதுதான் ஆபத்து. ஒன்று, மண் நிஜமாகவே காய்ந்துவிட்டது. இல்லையென்றால் வேரில் கோளாறு.

அப்படியென்றால் எப்போது, எவ்வளவு ஊற்றுவது?

விடிந்ததும் ஊற்றுவது நல்லது. முடியாதவர்கள் வெயில் தாழ்ந்த பிறகு ஊற்றலாம், ஆனால் மாடியில் தொட்டி தொட்டால் சுடாத அளவுக்கு ஆறியிருக்க வேண்டும். வெயிலில் கிடந்த ரப்பர் குழாயில் முதலில் வரும் தண்ணீர் கொதிக்கும், அதை வாளியில் பிடித்துவிடுங்கள்.

பத்து, பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு ஏப்ரல், மே மாதத்தில் நாளுக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் தேவைப்படும். லிட்டர் கணக்கைவிட நல்ல அடையாளம், அடித்துளையில் கொஞ்சம் தண்ணீர் கசிவது. தினமும் ஒரு சொம்பு மேலாகத் தெளித்துவிட்டுப் போனால் வேர் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும், வெயிலில் முதலில் வேகுவதும் அந்த வேர்தான். தரையில் வேரூன்றிய மல்லிகை, செம்பருத்திக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பாத்தி நிறைய விட்டால் போதும். நம் செம்மண்ணில் தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும். மூடாக்கு இல்லாமல் அது நிற்காது. காய்ந்த இலை, வேர்க்கடலைத் தோல், தேங்காய் மட்டை, கரும்புச் சோகை, எது கிடைக்கிறதோ அதை மூன்று அங்குலக் கனத்துக்குப் போடுங்கள். தண்டை மட்டும் ஒட்ட வேண்டாம்.

தேங்காய் நார்க்கழிவு அதிகம் கலந்த தொட்டியில் வேறொரு தொல்லை உண்டு. அது ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது, ஊற்றியது ஓரமாக வழிந்து கீழே வந்துவிடும். கசிகிறதே என்று நாம் நிம்மதியாக இருப்போம், உள்ளே தூசி பறக்கும். தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் எடையே இருக்காது. அதை அப்படியே தண்ணீர் வாளிக்குள் அரைமணி நேரம் வைத்து எடுங்கள்.

வடக்குப் பக்கம் நிழலில் நன்றாக இருந்த செடி மே மாதத்தில் கருகிவிட்டது. தண்ணீர் குறைக்கவில்லை. ஏன்?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகப் பிடித்த கேள்வி இதுதான்.

சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்துதான் போகும், ஆகவே வீட்டின் வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. நம் ஊருக்கு அது பாதிதான் உண்மை. தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் 12 முதல் 13 பாகை வடக்கு அட்சரேகைக்குள் இருக்கின்றன. ஏப்ரல் 22, 24 வாக்கில் நண்பகல் சூரியன் சரியாக நம் தலைக்கு மேல் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அது வடக்கே தாண்டிப் போய், ஆகஸ்ட் 20 வாக்கில்தான் மறுபடி தலைக்கு மேல் வந்து தெற்கே திரும்புகிறது. இடைப்பட்ட நான்கு மாதமும் மதிய வெயில் வீட்டின் வடக்குச் சுவரில்தான் விழும்.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். டிசம்பர் 21 நண்பகலில் 10 அடிச் சுவர் வடக்குப் பக்கம் சுமார் 7 அடிக்கு நிழல் தரும். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் அந்த நிழல் காணாமல் போகும். ஜூன் 21 அன்று அதே சுவர் தெற்குப் பக்கம் 2 அடிக்குத்தான் நிழல் தரும். மார்கழியில் நிழல் பார்த்து வைத்த தொட்டி, சித்திரையில் நட்ட நடு வெயிலில் நிற்கிறது. செடி நகரவில்லை, வெயில்தான் நகர்ந்தது. ஆறு மாதம் நிழலில் மெல்லிய இலை விட்டுப் பழகிய செடிக்கு இது திடீர் அடி. இலையின் நடுவே வெளிறிய திட்டு விழுந்து பழுப்பாகும். அது நோயில்லை, மருந்து அடிக்க வேண்டாம்.

செய்ய வேண்டியது எளிது. ஏப்ரல் பத்துக்குள் வடக்குப் பக்கத் தொட்டிகளுக்குத் தடுப்பு கட்டுங்கள், அல்லது தெற்குச் சுவரை ஒட்டி இடம் மாற்றுங்கள். நம் ஊரில் நண்பகல் என்பது பன்னிரண்டேகால் மணி. அந்த நேரத்தில் மாதம் ஒருமுறை வெளியே வந்து நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து டைரியில் எழுதினால் இது கண்ணுக்கே தெரியும்.

மேற்குச் சுவர் வேறு கதை. அங்கே வருடம் முழுக்கப் பிற்பகல் வெயில்தான். ஆனால் கோடையில் சுவர் குடித்த சூடு இரவு ஒன்பது மணிவரை வெளியே வரும். காகிதப்பூ, அரளி, அடேனியம் தவிர மற்றவற்றைச் சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளி வையுங்கள். பூச்செடிக்கு ஏற்ற இடம் கிழக்கு. காலை வெயில் கிடைக்கும், மதியத்துக்கு மேல் வீடே குடை பிடிக்கும்.

மொட்டை மாடியில் வைத்திருக்கிறோம். எல்லாப் பக்கமும் வெயில்தான்!

தளத்தின் சூடு நேராக வேருக்கு ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டிக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்தாலே வித்தியாசம் தெரியும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வெயிலை அப்படியே இழுக்கும். மேற்குப் பக்கத்தைப் பார்க்கும் தொட்டிகளுக்கு வெளியே சாக்கு சுற்றுங்கள் அல்லது வெள்ளைச் சுண்ணாம்பு பூசுங்கள். தொட்டிகளைத் தனித்தனியாகப் பரப்பாமல் நெருக்கி வைத்து, பெரிய முரட்டுச் செடிகளை மேற்கு ஓரத்திலும் மென்மையானவற்றை நடுவிலும் வையுங்கள். மண் தொட்டி தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும், ஆனால் அதற்குத் தண்ணீர் கூடுதலாகக் குடிக்கும்.

பச்சை வலை எத்தனை சதவீதம் வாங்குவது?

பூச்செடிக்கு 50 சதவீதம், அதாவது பாதி வெயிலைத் தடுக்கும் வலை. கடைக்காரர் 75 சதவீதம் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதன் கீழ் இலை பச்சையாக இருக்கும், பூ வராது. வலையைச் செடியின் தலையில் படும்படி இறக்கிக் கட்டாமல் ஏழெட்டு அடி உயரத்தில் கட்டுங்கள். மேற்குப் பக்கம் கொஞ்சம் தொங்கவிடுங்கள், நிஜமான எதிரி அங்கிருந்துதான் வருகிறான். கயிறு உறுதியாக இருக்கட்டும். சித்திரைப் புயல் காற்று வந்தால் வலை பக்கத்து வீட்டு டிவி ஆண்டெனாவில் போய் உட்காரும்.

குண்டுமல்லி மார்ச்சில் நன்றாகப் பூத்தது, இப்போது குறைந்துவிட்டது. வெயில் தாங்கவில்லையா?

வெயில்தான் அதற்கு உணவு. குண்டுமல்லிக்குப் பூக்காலமே மார்ச் முதல் ஜூன் வரைதான். ஐந்தாறு மணிநேர நேர்வெயில் இல்லாத இடத்தில் கொடியாக நீண்டு இலை தள்ளும். அதற்கு நிழல் வலை கட்டுவது நம் தோட்டங்களில் நடக்கும் பெரிய வேடிக்கை.

பூ குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: குண்டுமல்லி புதிதாக வரும் கிளையின் நுனியில்தான் மொட்டு வைக்கும். ஒரு சுற்று பூத்து முடிந்த நுனிகளை அப்படியே விட்டால் அடுத்த சுற்று தாமதமாகும். பூ ஓய்ந்ததும் ஒவ்வொரு நுனியிலும் இரண்டு மூன்று கணு அளவு கத்தரித்துவிட்டு, ஒரு கைப்பிடி மண்புழு உரமும் நிறையத் தண்ணீரும் கொடுங்கள். நான்கைந்து வாரத்தில் மறுபடி மொட்டு கட்டும். இது மேலோட்டமான வெட்டுதான். அரையடிக்கு மேல் வெட்டும் பெரிய கவாத்து நவம்பர் கடைசியில் செய்ய வேண்டியது. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் அப்போது வெட்டியவர்களுக்குத்தான் மார்ச்சில் கூடை நிறையும்.

இனி மொட்டைப் பாருங்கள். மொட்டு ஊதா நிறமாகிக் காய்ந்தால் உள்ளே மொட்டுப்புழு இருக்கும். ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட மொட்டுகளைப் பறித்து அழியுங்கள், செடியடியில் போடாதீர்கள். இலையில் வெள்ளை ரோமப் போர்வை மாதிரி படர்ந்திருந்தால் அது பூஞ்சணம் அல்ல, கண்ணுக்குத் தெரியாத சிலந்தி வகை. அந்த நுனிகளை வெட்டி எறிவதுதான் முதல் வைத்தியம். இலை நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் மஞ்சளாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. நம் ஊர் கடினத் தண்ணீரில் இது சகஜம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்துச் சாயங்காலத்தில் இலை நனையத் தெளியுங்கள்.

பூவைப் பறிப்பதும் கவனிப்பில் சேர்த்திதான். விடிகாலையில் முற்றிய மொட்டாகப் பறித்தால் சாயங்காலம் கட்டும்போது விரியும். எட்டு மணிக்கு மேல் பறித்தால் வாடலும் சேர்ந்து வரும்.

ரோஜாப் பூ சிறுத்து, நிறம் வெளுத்துவிட்டது.

கோடையில் ரோஜா அவசரப்படும். மொட்டு முழுதாகப் பெருக்க நேரம் கிடைக்காமல் விரிந்து, ஒரே நாளில் இதழ் கொட்டிவிடும். சிவப்பு ரோஜாவின் இதழ் ஓரம் கறுத்துத் தீய்வதும் வெயிலால்தான். நாட்டு வகையான பன்னீர் ரோஜா கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் வளரும் தாஜ்மகால் ரகம் மாதிரி நீளக் காம்பு ரோஜாவைத் தருமபுரி மாடியில் ஏப்ரலில் பார்த்துப் பரிதாபப்படாமல் இருக்க முடியாது.

மே மாதத்தில் ரோஜாவிடம் பூ கேட்காதீர்கள், உயிரோடு இருந்தால் போதும். மதிய நிழல் கொடுங்கள். சின்ன மொட்டுகளைக் கிள்ளிவிடுங்கள். ஆழமாக வெட்டாதீர்கள், தண்டில் நேர்வெயில் பட்டால் மேலிருந்து கறுத்துக்கொண்டே கீழே இறங்கும். கறுத்தால் பச்சை தெரியும் இடம்வரை வெட்டிவிட வேண்டியதுதான். ஒன்றைக் கண்டிப்பாகக் கவனியுங்கள்: ஒட்டுப் போட்ட முடிச்சுக்குக் கீழிருந்து வேகமாக ஒரு கிளை கிளம்பும். ஆகா, துளிர்த்துவிட்டது என்று மகிழ வேண்டாம், அது ஒட்டுக்கு அடியில் இருக்கும் காட்டுச் செடி. அதை விட்டால் மேலே இருக்கும் நல்ல ரோஜா பட்டினியில் சாகும்.

சாமந்தி பச்சைப் பசேலென்று இருக்கிறது, ஒரு மொட்டுகூட இல்லை.

இருக்கவும் கூடாது. நீண்ட இரவு வந்தால் பூக்கும் இனம் அது, வெப்பம் மிகுந்தாலும் மொட்டு கட்டுவதைத் தள்ளிப்போடும். நம் ஊரில் ஜூன் பகல் 12 மணி 50 நிமிடம் போல நீள்கிறது, டிசம்பரில் பதினொன்றரை மணிக்குச் சற்றுக் குறைவு. ராயக்கோட்டை, காவேரிப்பட்டணம் பக்க விவசாயிகள் கோடையில் சாமந்தி நடுவது ஆயுத பூஜைச் சந்தையைக் கணக்கிட்டுத்தான். வீட்டிலும் அப்படியே: இப்போது பக்கக் கன்றுகளைப் பிரித்து நட்டு, ஒரு மாதத்தில் கொழுந்தைக் கிள்ளி, புதராக்கி வையுங்கள். தெருவிளக்கு வெளிச்சம் இரவெல்லாம் விழும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள், செடிக்கு இரவு வந்ததே தெரியாது.

செம்பருத்தியில் மொட்டு விரியாமலே உதிர்கிறது.

மூன்று சந்தேகம். ஒருநாள் வெள்ளம், மறுநாள் வறட்சி என்று தண்ணீர் விடுவது. இலைப்பேன், மாவுப்பூச்சி. அல்லது அது கலப்பின அடுக்குச் செம்பருத்தியாக இருப்பது, அந்த வகைக்குக் கோடை ஒத்துக்கொள்ளாது. வேலியோரச் சிவப்பு ஒற்றைச் செம்பருத்தி இதே வெயிலில் அலட்டிக்கொள்ளாமல் பூக்கும். உதிர்ந்த மொட்டைப் பிதுக்கிப் பாருங்கள். உள்ளே பூச்சி இல்லையென்றால் தண்ணீரை ஒழுங்குபடுத்துங்கள்.

கவலையே வைக்காத செடி எது? வேலைக்குப் போகிறவர்கள் நாங்கள்.

அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி, பத்துமணிப்பூ, அடேனியம், இட்லிப்பூ, நந்தியாவட்டை, அந்திமந்தாரை. கனகாம்பரத்தையும் சேர்க்கலாம், லேசான நிழலில் கோடை முழுக்கப் பூக்கும். காகிதப்பூவுக்குத் தண்ணீர் அதிகமானால்தான் பூ குறையும், காயவிட்டு ஊற்றினால் இலையைவிடப் பூ அதிகமாகத் தெரியும். பத்துமணிப்பூ மேகமூட்டமான நாளில் விரியாது. அது விரியும் நேரத்தைக் குறித்துவந்தால் ஒரு வானிலைக் குறிப்பே கிடைத்துவிடும். அரளி முழுக்க நஞ்சு: இலை, பூ, தண்டு எதுவும் குழந்தை வாய்க்கும் ஆட்டு வாய்க்கும் எட்டக் கூடாது.

போர் தண்ணீர் ஊற்றினால் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிகிறதே?

உப்புதான். கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்க உப்பு அடர்த்தியாகும், நாமும் அதையே இன்னும் அதிகமாக ஊற்றுகிறோம். தண்ணீர் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. முதிர்ந்த இலைகளின் ஓரம் நெருப்பில் காட்டியது போலக் காய்ந்தால் இதுவாக இருக்கலாம். பதினைந்து நாளுக்கொருமுறை தொட்டிக் கொள்ளளவைப்போல இரண்டு மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியில் வழியவிடுங்கள். முடிந்தால் அதற்கு மழைநீரைப் பயன்படுத்துங்கள்.

தருமபுரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது தெரிந்ததே. 2013 முதல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதே அதற்காகத்தான். பெரும்பாலான பூச்செடிகளுக்கு அதைவிட உப்பும் சுண்ணாம்பும்தான் தொல்லை. டிரசீனா, ஸ்பைடர் செடி மாதிரி அழகு இலைச் செடிகளுக்கு மட்டும் ஃபுளோரைடால் நுனி கருகும். குடிக்க வரும் ஒகேனக்கல் தண்ணீரைச் செடிக்கு ஊற்றச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆர்ஓ கழிவு நீர், ஏசி தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர்?

ஆர்ஓ கழிவு நீர் வேண்டாம், வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஏசி தண்ணீரில் உப்பே இல்லை, தாராளமாக ஊற்றலாம். அரிசி கழுவியது நல்லது, புளிக்கவிடாமல் அன்றே ஊற்றுங்கள். உப்புப் போட்ட வடிகஞ்சி கூடாது.

வெயில் காலத்தில் எந்தப் பூச்சியைத் தேட வேண்டும்?

இலையின் அடிப்பக்கத்தை. அதாவது, சிவப்புச் சிலந்தியை. காய்ந்த சூட்டில் பல்கிப் பெருகுவது அதுதான். இலையின் மேல் ஊசியால் குத்தியது போல வெளிர்ப்புள்ளிகள் தெரியும், முற்றினால் மெல்லிய நூலாம்படை தெரியும். வெள்ளைத் தாளின் மேல் இலையைத் தட்டினால் நகரும் புள்ளிகளாக விழும். விடிகாலையில் இலை அடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். மாவுப்பூச்சிக்கு முன் எறும்பு வரும், எறும்பு வரிசையைப் பார்த்தால் தண்டின் இடுக்கில் தேடுங்கள். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு, சாயங்காலம் மட்டும். பகலில் அடித்தால் எண்ணெயே இலையைப் பொசுக்கும். சிலந்திக்குத் தூவும் கந்தகத் தூளை, வெப்பம் 32 டிகிரிக்கு மேல் போனால் தொடவே வேண்டாம்.

உரம் போடலாமா?

நன்றாகப் பூக்கிற குண்டுமல்லி, கனகாம்பரம், அரளிக்குக் கொஞ்சம் மண்புழு உரம் போடலாம். துவண்டு நிற்கிற செடிக்கு எதுவும் வேண்டாம். யூரியா, கோழி எரு இரண்டும் மே மாதத்தில் வேரைச் சுடும்.

ஓசூர் நர்சரியில் பூத்துக் குலுங்கியது, வீட்டுக்கு வந்த வாரத்திலேயே காய்ந்துவிட்டது.

அது வலைக்கு அடியில், அரைமணிக்கொருமுறை தெளிக்கும் ஈரத்தில், சின்னப் பையில் இருந்த செடி. ஐந்நூறு மீட்டர் கீழே இறக்கி நேராக மாடியில் வைத்தால் என்ன செய்யும்? கிழக்குத் தாழ்வாரத்தில் பத்து நாள் வைத்து, காலை வெயிலை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். கோடையில் தொட்டி மாற்றாமல் பையோடே பெரிய தொட்டிக்குள் இறக்கி வைத்து, ஆனி ஆடியில் நடலாம். நான் சொல்வது, ஏப்ரலில் வாங்கவே வாங்காதீர்கள்.

கோடை மழை வந்ததும் எல்லாம் சரியாகிவிடுமா?

முதல் மழைக்குச் செடிகள் காட்டும் பதிலைக் கண்டிப்பாகக் குறித்துவையுங்கள். எந்தக் குழாய்த் தண்ணீரும் செய்யாததை ஒரு மழை செய்துவிடும். மழை லில்லி சில நாளில் தலை நீட்டும், மே பந்துப்பூ மண்ணைப் பிளந்துகொண்டு வரும். ஆனால் இங்கே கோடை மழை சும்மா வராது. காற்றும் சில வருடங்களில் ஆலங்கட்டியும் சேர்ந்து வந்து, மாந்தோப்புக்காரர்கள் வயிற்றில் புளியைக் கரைக்கும். உயரமான தொட்டிகளை முன்கூட்டியே கீழே இறக்கிச் சுவரோரம் சேருங்கள். மழை நின்றதும் தட்டுகளில் தேங்கியதைக் கொட்டுங்கள். மறுநாள் வெயிலடித்தால் வழக்கம்போல ஊற்றிவிடாமல் விரலை விட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. ஜூன் பிறந்ததும் கோடை முடிந்தது என்று தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். ஆனி, ஆடியில் மேகம் இருக்கும், வெப்பம் குறையும், ஆனால் காற்று மண்ணை உறிஞ்சிவிடும். மேகமூட்டமான நாளில் தொட்டி காய்ந்து கிடப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை.

பத்து நாள் ஊருக்குப் போகிறோம். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனால் போதுமா?

போதும், ஆனால் தொட்டிகளை எல்லாம் கீழே கிழக்கு நிழலில் ஒரே இடத்தில் சேர்த்து வைத்துவிட்டுப் போங்கள். மாடிப்படி ஏறச் சொன்னால் மூன்றாம் நாள் அவருக்கும் மூட்டு வலிக்கும். பூ, மொட்டு எல்லாவற்றையும் பறித்துவிட்டால் செடிக்குத் தாகம் குறையும். பறித்ததை அவருக்கே கொடுங்கள்.

முழுக்கக் காய்ந்த செடியைப் பிடுங்கிவிடலாமா?

நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மேலே பழுப்பாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிப் பாருங்கள். மல்லிகை, செம்பருத்தி, நந்தியாவட்டை எல்லாம் அடியிலிருந்து துளிர்க்கக்கூடியவை. ஆடி முடியும்வரை பொறுத்து, மண்ணை லேசான ஈரத்தில் மட்டும் வையுங்கள். ரோஜாவில் ஒட்டுக்கு மேலே பச்சை இல்லையென்றால் காத்திருந்து பயனில்லை.

பிடுங்கினால் வேரைப் பாருங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக வீக்கம் இருந்தால் நூற்புழு. கனகாம்பரத்திலும் மல்லிகையிலும் அடிக்கடி பார்க்கலாம். அந்த மண்ணை வேறு தொட்டியில் போடாதீர்கள். ஈரமாக்கி, அரையடி கனத்துக்குப் பரப்பி, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாளால் இறுக்க மூடி, மாடியில் நான்கு முதல் ஆறு வாரம் வெயிலில் விடுங்கள். அதற்கு ஏப்ரலும் மே மாதத் தொடக்கமும் ஏற்ற காலம். மழை வருவதற்குள் முடித்துக்கொள்ளுங்கள்.